படத்தில் இல்லாத பெண்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் ஓவியக் கண்காட்சி என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் நாட்டுப் பழைய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார்கள். எனக்குத் தண்டலத்தில் கல்லூரி வேலை. ஒரு சிறுபத்திரிகைக்கு ஓவிய விமர்சனமும் எழுதுவேன். பனியை ஃப்ரிட்ஜில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. எழுதுவதற்கு அது ஒரு தடையா என்ன!

வெளியே கண்டெய்னர் லாரிகளும் வெயிலும். உள்ளே ஜன்னலில்லாத கூடம், எலும்பு வரைக்கும் இறங்கும் ஏசி. மதிய நேரம், என்னைத் தவிர ஒரு பார்வையாளரும் இல்லை. உறைந்த ஏரி, ஆளில்லாத தெரு, கறுத்த மரங்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். சாம்பல் நிறத்தில் ஓர் அறை. பாதி திறந்த கதவு. கதவுக்கு அப்பால் இன்னொரு அறை, அங்கே இருட்டு.

ஐந்து நிமிடம் கழித்துத்தான் அந்த இருட்டுக்குள் ஒரு பெண் இருப்பது தெரிந்தது. மங்கலான நீல உடுப்பு, முழங்கால்மேல் ஒரு கை, செருப்பைக் கழற்றிய ஒரு கால். முகம் தெளிவாக இல்லை. எனக்குப் பிடரி சில்லிட்டது. அவள் மூச்சு விடுகிறாள் என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், தோள் அசைந்தது. முக்கால் மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். ‘இனி வரவே வராத ஒருவருக்காக அவள் காத்திருக்கிறாள்’ என்று முடித்தேன். நானே எழுதி நானே கண் கலங்கினேன்.

இதழ் வந்த இரண்டாவது வாரம் ஒரு வாசகர் கடிதம். நேரில் போய்ப் பார்த்தாராம். அந்தப் படத்தில் பெண்ணே இல்லையாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கண்ணிருந்தால்தானே தெரியும் என்று திட்டிக்கொண்டே, போனில் படமெடுத்து அந்த மனிதர் வாயை அடைக்கலாம் என்று ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

அதே சுவர், அதே கதவு, அதே இருட்டு. அவள் இல்லை.

கீழே ஒட்டியிருந்த எண்ணைச் சரிபார்த்தேன். அதே படம்தான். உற்றுப் பார்க்கப் பார்க்க, அந்த இருட்டில் இப்போதுதான் யாரோ எழுந்து போனது போலிருந்தது.

“இன்னா மேடம், அந்தப் பொம்பளையத் தேடுறீங்களா?”

தூக்கிவாரிப் போட்டது. வாசலருகே நீலச் சீருடையில் ஒரு செக்யூரிட்டிப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“வர்றவங்க எல்லாம் அதான் கேக்குறாங்க. நேத்து ரெண்டு பேரு பாத்துட்டேன்னே சொல்ட்டாங்க. எனக்கு பயமா கீது மேடம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்துச்சி. அங்கதான் சேர் போட்டு உக்காந்துச்சாம்.”

அவள் காட்டியது படத்தை அல்ல, எனக்குப் பின்னால் இருந்த தூணை. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த மறைவில் கம்பளத்தின்மேல் நாற்காலிக்கால் பதிந்த நான்கு குழிகள் இருந்தன.

“டூட்டில உக்காரக் கூடாது மேடம். பத்திரிகைல வந்துச்சின்னு ஆபீஸ்ல பெருமையா நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. சூப்பர்வைசர் படிச்சிட்டு, படத்துல ஏதுடா பொம்பளைன்னு கேமராவப் போட்டுப் பாத்துட்டாரு. அன்னிக்கே வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க.”

நான் பார்த்தது படத்தின் கண்ணாடியில் விழுந்த அந்த அக்காவின் பிம்பம். முக்கால் மணி நேரம் பத்தடி பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவளை நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. கிளம்பும்போது அந்தப் படத்தின் பக்கம் கண்ணைத் திருப்பத் துணிச்சல் வரவில்லை.

வேலை போன பெண்ணின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன். படப்பை பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொன்னார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், கணுக்கால் வீங்கியிருந்தது. இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றார். கம்பெனியில் நான் வந்து பேசுகிறேன், தப்பு என்னுடையதுதான் என்றேன்.

“வோணாம் மேடம், ஆள் போட்டுட்டாங்க.” கைப்பையிலிருந்து மடித்த பக்கத்தை எடுத்தார். “என் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. வராத ஆளுக்கோசரம் காத்துகினு இருந்தேன்னு போட்டுக்கீறீங்களே, யாரு மேடம் அது?”

நான் அந்தப் பக்கத்தை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தேன்.

“நான் யாருக்கோசரமும் காத்துகினு இல்ல. காலு வலிச்சிச்சி, உக்காந்தேன். நீங்க ஒரு தபா திரும்பியிருந்தா எழுந்து நின்னிருப்பேனே மேடம்.”