மஞ்சள் முடிச்சில் ஐந்நூறு வெள்ளி

இன்று காலை என் மகளுக்காக நேர்ந்துகொண்டு, மஞ்சளில் நனைத்த துணியில் காசு முடிந்தேன். அந்த ஈர மஞ்சள் வாசனை என்னை நான் வளர்ந்த நியாலாஸ் தோட்டத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

தம்பி காய்ச்சலில் கிடந்தபோது அம்மா, சங்கிலி விற்ற ஐந்நூறு வெள்ளி நோட்டை இப்படித்தான் முருகனுக்கு முடிந்து வைத்தார். அவனுக்கு ஐந்து வயதானதும் கோயிலில் செலுத்துவதாக வேண்டுதல். அவனுக்கு நாலு வயதானபோது, 1999இல், அந்த நோட்டு இனிச் செல்லாது என்றார்கள்.

“பேங்குல மாத்த நாளைக்குத்தான் கடைசி. அப்புறம் அது வெறும் காயிதம் லா,” என்றார் அப்பா.

“நேரத்துக்கு முந்தி அவுத்தா தம்பிக்கு ஆகாதுங்க.”

மறுநாள் அம்மா முடிச்சோடு எங்களையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனார். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண், “புக்கா லா, காக்,” என்று அவிழ்க்கச் சொன்னாள். அம்மா சட்டென்று தம்பியைத் தூக்கிக் கவுண்டர்மேல் உட்கார வைத்தார்.

“யாருக்கு நேர்ந்ததோ அவனே அவுக்கட்டும். முருகா, கோவிச்சுக்காதப்பா!”

தம்பி பல்லால் கடித்து அவிழ்த்தான். நோட்டெல்லாம் மஞ்சள் கறை. அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வந்து ஐம்பது வெள்ளித் தாள்கள் பத்தை நீட்டினாள்.

அம்மா அவற்றைப் பார்க்கவே இல்லை. தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வீடு வரும்வரை பஸ்ஸிலும் அதே வேலைதான். அவன் அம்மாவின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தான்.