கை நனையாத சாப்பாடு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்தார். எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் இது தெரியாது. வெளியே அவர் கப்பல் ஆபீசர். அம்மாதான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் ஊரானுக்குச் சோறு பொங்கிப் போடுகிறான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வெள்ளைத் தொப்பியும் மேலங்கியுமாக மாமா எடுத்து அனுப்பிய போட்டோவை என்னிடம் காட்டிவிட்டு, "ஏட்டி, வெளிய யார்ட்டயாச்சும் சொன்ன, வாய்ல சூடு வச்சிருவேன் பாத்துக்கோ" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில்கூட மூச்சு விடவில்லை.

மாமாவுக்கு முப்பது வயதான அதே வருடம், அவர் லீவில் வந்திருந்தபோது, ஆறுமுகநேரியிலிருந்து தரகர் மூலம் ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவரும் மனைவியும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயந்துபோய்ப் பகல் பதினொன்றே முக்காலுக்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

அம்மா அப்போது தலையில் எண்ணெயோடு இருந்தாள். அப்பா மளிகைக் கடையில் இருந்தார். போன் போட்டால், லாரியில் சரக்கு வந்து இறங்குகிறது, ஒன்றரை மணிக்குத்தான் வர முடியும் என்றார். பேச வேண்டியவர் வராமல் பேச்சை எடுக்க முடியாது. வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். பன்னிரண்டரை மணிக்கு எல்லாம் பேசி முடிந்துவிட்டது. பெண்ணின் அம்மா தன் வளையல்களைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். பெரியவரின் வயிறு சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

"ஒரு வாய் சாப்பிடுங்களேன்" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதெப்படி? ஒண்ணும் முடிவாகாம கை நனைக்கப் பிடாதுல்லா" என்றார் அந்த அம்மா.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. காப்பி, பலகாரம் வரை தோஷமில்லை. சோற்றில் கையை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதியான மாதிரி. பெரியவர் மனைவியைப் பார்த்த பார்வையில் அந்த வழக்கத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை என்று தெரிந்தது.

மாமா எழுந்தார். "கை நனைஞ்சாத்தான தப்பு? கரண்டி வச்சு சாப்பிட்டா நனையாதே" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் போனார். அம்மா பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன்.

"ஏலே, வெளிய போ. ஆம்பிள அடுப்படியில நின்னா அவுக என்ன நெனைப்பாக? நான் பிரியாணி வாங்கியாரச் சொல்லுதேன்" என்று அம்மா குரலை அடக்கிச் சீறினாள்.

"இருவது நிமிசம் குடுக்கா."

எங்களுக்காக வடித்த சோறு இருந்தது. காலையில் மாமா திரேஸ்புரம் கடற்கரைக்குப் போய் வாங்கி வந்து உரித்து வைத்த இறாலும் இருந்தது. அதில் மஞ்சள், மிளகு, உப்பு போட்டுப் பிசறினார். அது ஊறுவதற்குள் ஒரு அன்னாசியைத் தோல் சீவினார். அம்மா அரை மணி நேரம் போராடும் வேலையை மாமாவின் கத்தி இரண்டு நிமிடத்தில் முடித்தது. பாதி பழுத்த செங்காயாக ஒரு மாம்பழம், நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக விழுந்தன. எலுமிச்சையைப் பிழிந்து, மல்லித்தழை தூவிக் கிளறி, என் வாயில் ஒரு துண்டு போட்டார். புளிப்பும் இனிப்பும் உறைப்பும் ஒன்றாக வந்தன.

"இதுக்குப் பேரு சால்சா" என்றார்.

"பழத்தப் போயி சோத்துல போடுதான். கேட்டா ஊரே சிரிக்கும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சட்டி நன்றாகக் காய்ந்ததும் பூண்டைத் தட்டிப் போட்டு இறாலைக் கொட்டினார். அது சுருண்டு சிவந்த உடனே இறக்கிவிட்டார். பாயசக் கிண்ணங்களில் சோறு, அதன் மேல் ஒரு பக்கம் இறால், மறுபக்கம் பழம். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியைச் செருகினார். கிண்ணங்களை அம்மாதான் கூடத்துக்குக் கொண்டுபோனாள். மாமாவும் நானும் பின்னால் போய் நின்றோம்.

பெரியவர் முதல் கரண்டியோடு பேச்சை நிறுத்தினார். அந்த அம்மா பழத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு இறாலைச் சாப்பிட்டார். பிறகு பழத்தையும் சாப்பிட்டார்.

பாதிக் கிண்ணத்தில் பெரியவர் நிமிர்ந்தார். "கப்பல்ல ஒருக்கா இப்பிடித்தான் சாப்பிட்டேன். யாரு செஞ்சது?"

"நாந்தான்" என்றாள் அம்மா.

பெரியவர் மாமாவின் முழங்கைக்குக் கீழே கோடு கோடாக இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சட்டைக் கையை இறக்கிவிடவில்லை. என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ சொல்லு. யாரு செஞ்சா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மாமாவின் சமையலை அம்மா தன்னுடையது என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமாதான் செஞ்சாக. கப்பல்லயும் எல்லாருக்கும் மாமாதான் சமைப்பாக. தொப்பியெல்லாம் உண்டு" என்றேன்.



"தரகர் ஆபீசர்னுல்லா சொன்னாரு" என்றார் அந்த அம்மா, கிண்ணத்தைக் கீழே வைத்தபடி.

"குக்குதான். பிள்ள சொல்லுதது நெசம்" என்றார் மாமா.

பெரியவர் கிண்ணத்தில் மிச்சமிருந்ததைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். அப்புறம் இருவரும் அப்பா வரும் வரை காத்திராமல் கிளம்பிவிட்டார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் மாமாவின் தோளில் ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு தகவலும் வரவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பும் முன்பே அம்மா என் தொடையில் கிள்ளினாள். ரத்தம் கட்டிப்போனது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமாவோடு வழக்கம்போல் பேசினாள். அவர் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மாமாவுக்குக் கல்யாணம் ஆக அதன் பிறகு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் சாமி கும்பிடும்போதெல்லாம் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது யோசித்தால், நடுக்கடலில் ஆடும் அடுப்பின் முன் நிற்கத் தெரிந்த அந்த மனிதருக்கு, வளர்த்த அக்காவின் முகத்துக்கு நேரே "நீ சொல்வது பொய்" என்று சொல்லத் தைரியம் வரவில்லை என்று தெரிகிறது. அதனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து அதை வரவழைத்தார். கிள்ளும் எனக்கே விழுந்தது. அதை நான் இன்னும் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

அவர்கள் வந்துபோன அடுத்த வாரம் மாமா கப்பல் ஏறக் கொச்சிக்குப் புறப்பட்டார். ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டு என்னிடம் வந்து குனிந்தார். "நல்லவேள நீ சொன்ன பாப்பா" என்றார். நான் அழக்கூடாது என்பதற்காகச் சும்மா சொல்கிறார் என்று நினைத்து, டாட்டா கூடக் காட்டாமல் உள்ளே ஓடிவிட்டேன்.