தாய் கட்டின நூல் செல்லாது

அருளப்பு அண்ணை இறந்த செய்தியை என் மகள் மெற்றில்டாதான் மன்னார் ரவுணிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். காலை ஒன்பது மணி இருக்கும். நான் முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அருளப்பு மாமா போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டவராம். ஆஸ்பத்திரிக்கு ஏத்த முந்தியே முடிஞ்சுது."

நான் சிலுவை அடையாளம் போட்டேன்.

"அம்மா, இண்டைக்காவது அவரை ஏசாதேங்கோ."

ஏசுவதற்கு வாய் வரவில்லை. கருவாட்டைக் காகத்துக்கு விட்டுவிட்டு உள்ளே போய்ச் செபமாலையை எடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு வரி எழுதித் தாருங்கள் என்று அவருடைய மகன் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழைகளைத் திருத்து, சொல்லை மாற்றாதே என்று சொல்லித்தான் இதைப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு வரியில் முடிகிற விஷயம் இது இல்லை. போட விருப்பம் இல்லாவிட்டால் விடட்டும். வேறொன்று எழுதித் தரமாட்டேன்.

எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் அண்ணையை அறியாதவர் இல்லை. வெளியூரவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கடலுக்குப் போகிற போட்டுகளின் மெசின் திருத்துகிறவர். வளைந்த கால், முன்னுக்கு நிற்கும் வயிறு. சண்டைக் காலத்தில் ஒரு நாள், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று டொக்டர் அவரை ஓடச் சொல்லிவிட்டார். முதல் நாளே றோட்டில் தனியாக ஓடியவரை ஆமிக்காரர் சென்றிக் காவலரணில் மறித்து, யாருக்குப் பயந்து ஓடுகிறாய் என்று கேட்டு ஒரு மணித்தியாலம் மணலில் முழங்காலில் இருத்தி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஊருக்கே தெரியும்: "தனிய ஓடினால் குற்றவாளி எண்டு நினைப்பினம். கூட்டமா ஓடினால் விளையாட்டு எண்டு நினைப்பினம். எனக்குக் கூட்டம் வேணும்."

எங்கள் ஊர் ஓட்டக்காரர் சங்கம் அப்படித் தொடங்கியது. வீரம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, சுடுபடாமல் ஓடுவதற்குத்தான். சைக்கிள் மணி ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சென்றி வருமுன்னே கிணுகிணு என்று அடித்துக்கொண்டு போவார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். மீனவர், கடைக்காரர், வாசிகசாலையில் சும்மா இருந்தவர் எல்லோரும் ஓடினார்கள். பெண்பிள்ளைகளையும் ஓட விடுங்கள் என்று வீடு வீடாக வந்தார். ஊர் கதைக்கும் என்றோம். "தாய்மாரும் வந்து றோட்டிலை நில்லுங்கோ. பிறகு கதைக்க ஊரிலை ஆர் மிச்சம்?" என்றார். அடுத்த நாள் நாங்களும் றோட்டில் நின்றோம்.

பிறகு சங்கம் வருடத்துக்கு ஒரு ஓட்டப் போட்டியும் வைத்தது. முதல் போட்டி பெரிய குழப்பம். எங்கே திரும்புவது என்று சொல்லவில்லை. ஒருவர் மன்னார்ப் பக்கமே போய்விட்டார். இரண்டு பேர் முதலிடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். அடுத்த வருடம் அண்ணை நைலோன் கயிற்றில் இரு கை விரித்த நீளமான பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு றோட்டை முழுதாக அளந்தார். இடையில் தண்ணீர் வைத்தார். கடைசி ஆளோடு தான் ஓடி வருவார். அந்த ஆள் வந்து சேருமட்டும் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது, முடிவும் வாசிக்கமாட்டார். திரும்புமிடம் போகாமல் பாதி வழியில் திரும்பி வந்த கள்ளருக்காக நூல் முறையைக் கொண்டுவந்தார். திரும்புமிடத்தில் ஒரு ஆள் நின்று கையில் சிவப்பு நூல் கட்டவேண்டும். நூல் இல்லாமல் வந்தால் ஓட்டம் செல்லாது. அந்த வேலையை எனக்குத் தந்தார். "உங்களை ஏமாத்த ஊரிலை ஆள் இல்லை, திரேசம்மா" என்றார். அந்தச் சொல்லை நான் பவுண் மாதிரி வைத்திருந்தேன்.

போட்டி முடிந்ததும் முடிவுகளைப் பலகையில் எழுதிக் கோயில் மண்டபத்தில் மாட்டுவார். பெயர், வயது, வீடு இருக்கும் ஒழுங்கை, ஓடிய நேரம். அந்தப் பலகையில் அவருக்கு அவ்வளவு பெருமை.

பிறகு சமாதானம் என்றார்கள். பாதை திறந்தது. பாதை வழியே சாமான் வந்தது, சொந்தக்காரர் வந்தார்கள், இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறவர்களும் வந்தார்கள். அந்த வருடம் ஆண்களில் முதலாவது வந்தவன் எங்கள் ஊர்ப் பிலோமினாவின் மகன் யூட். பத்தொன்பது வயது. அண்ணை அவனுடைய பெயரைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார். மாதம் முடியவில்லை, இரண்டு பேர் பிலோமினா வீட்டு வாசல் படலையில் வந்து நின்று, "கெட்டிக்காரன் யூட் நீர்தானே? ரெண்டு நாள் ஒரு கூட்டம், வந்திட்டுப் போம்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். யூட் திரும்பி வரவில்லை. இன்றுவரை இல்லை.

பிலோமினா, அருளப்பு அண்ணையின் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே குசினி அடுப்படியில் அவருடைய மனைவியோடு இருந்தேன். பிலோமினா சத்தம் போடவில்லை. "வயசையும் எழுதினனீங்கள், ஒழுங்கையையும் எழுதினனீங்கள். அவங்கள் ஆரிட்டையும் வழி கேக்கேல்லை அண்ணை" என்றாள். பிறகு போய்விட்டாள். அண்ணை அன்றே பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தார்.

அடுத்த வருடம் போட்டி வேண்டாம் என்றார். பிள்ளைகள் விடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் விடவில்லை. மெற்றில்டாவுக்குப் பதினெட்டு வயது. அவள் ஓடும்போது பாதம் மணலில் படுகிறதா என்று பார்க்கவேண்டும்போல இருக்கும். அவள் வெல்வதை ஊர் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. "பயந்து பயந்து எத்தினை நாளைக்கு அண்ணை?" என்று அவரிடம் கேட்டவள் நான்தான்.

அன்று திரும்புமிடத்துக்கு மற்றப் பெண்பிள்ளைகள் கண்ணில் தெரியுமுன்னே மெற்றில்டா வந்தாள். என் கையாலே நூல் கட்டினேன். "ஓடு" என்றேன். எல்லோருக்கும் கட்டி முடித்து, வழியில் வைத்த தண்ணீர்க் குடங்களை ஒவ்வொன்றாக உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு நான் கோயிலடிக்கு வர, அண்ணை முடிவு வாசிக்க எழும்பிவிட்டார். மதிலோடு ஒரு மோட்டார் சைக்கிள். அதில் சாய்ந்தபடி இரண்டு பேர். வெளியூர் ஆட்களும் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷம். அவ்வளவுதான் என் புத்தி.

"பெண்களிலை முதலாவது வந்து சேர்ந்தவ மெற்றில்டா" என்று வாசித்தவர், கொஞ்சம் நின்றார். "ஆனால் அவ குறுக்காலை வந்தவ. அந்த ஓட்டம் செல்லாது."

கையிலிருந்த குடத்தோடு சனத்தை விலக்கி முன்னுக்குப் போனேன். "என்ன கதை கதைக்கிறீங்கள் அண்ணை? என்ர கையாலை நூல் கட்டினனான். அவளின்ர கையைப் பாருங்கோ!"

"தாய் கட்டின நூல் செல்லாது."

"செல்லாதெண்டால் என்னை ஏன் அங்கை நிப்பாட்டினீங்கள்?"

"உங்களை நம்பினது என்ர பிழை. பாதி வழியிலை வைச்சுக் கட்டிவிட்டிருக்கிறீங்கள். இந்த முறை பெண்களிலை முதலிடம் ஒருத்தருக்கும் இல்லை."

சனம் சிரித்தது. அதற்குமேல் என் வாயில் 'நீங்கள்' இல்லை, 'அண்ணை' இல்லை. "நீர் திருத்தின மெசின் மாதிரித்தான் உம்மட நியாயமும்! நடுக்கடலிலை நிண்டுபோம்!" என்று தொடங்கி, அவருடைய வளைந்த கால் வரைக்கும் ஏசினேன். குடத்துத் தண்ணீரை அவருடைய காலடியில் ஊற்றினேன். அவர் துடைக்கவும் இல்லை. மதிலோடு நின்ற ஒருவன் மற்றவனிடம், "கள்ள ஓட்டமாம், தாயும் கூட்டு" என்று சொல்லிச் சிரித்தான். மோட்டார் சைக்கிளை உதைத்துப் போய்விட்டார்கள். மெற்றில்டா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். ஏன் வாய் திறக்கவில்லை என்று வீட்டில் அவளுக்கு அடித்தேன்.

அதோடு சங்கம் முடிந்தது. பிள்ளைகள் என் மகளைக் 'கள்ள நூல்' என்று கூப்பிட்டார்கள். பேசி வந்த ஒரு கலியாணமும் அந்தப் பேச்சில் நின்றது. நான் கோயிலில் அவர் இருக்கிற பக்கம் இருக்கமாட்டேன். அவருடைய மனைவி இறந்தபோது செத்தவீட்டுக்கும் போகவில்லை. எனக்குப் பிரசவத்தில் கஞ்சி வைத்துத் தந்த மனுசி அது. அதற்கு நான் கடவுளிடம் பதில் சொல்லவேண்டும்.

சண்டை முடிந்து, மெற்றில்டாவுக்கு முதற் பிள்ளை பிறந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"தொடங்க முந்தி அவர் என்னட்டை வந்து, 'பிள்ளை, மதிலோடை நிக்கிறவங்களைப் பார். யூட்டைக் கொண்டுபோனவங்கள். இண்டைக்கு நடுவிலை வா' எண்டவர் அம்மா. நான் ஓம் எண்டனான். ஓடத் தொடங்கினாப் பிறகு என்ர கால் கேக்கேல்லை."

"எனக்கு ஏனடி சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னால் கோயில் ஸ்பீக்கரிலை சொன்ன மாதிரி."

அடுத்த ஞாயிறு பூசை முடிய, எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் முன்னால் போய் நின்றேன். நன்றி சொல்லப் போகவில்லை. "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருந்தால் நீங்கள் நடிச்சிருப்பீங்கள் தங்கச்சி. உங்களுக்கு நடிக்க வராது. அண்டைக்கு நீங்கள் ஏசின ஏச்சைக் கேட்டுத்தான் அவங்கள் நம்பினவங்கள்" என்றார். பிறகு சொன்னார்: "நீங்கள் என்னை ஏசுறது எனக்கு நிம்மதி. ஏசுற தாயின்ர பிள்ளை வீட்டிலை இருக்கு. பிலோமினா என்னைக் கண்டால் ஒண்டும் சொல்லுறா இல்லை."

அதற்குப் பிறகு அவரோடு கதைத்தேன். ஆனால் ஒன்று: என் மகளைக் கள்ளி என்றது எங்களைக் காக்க என்று தெரிந்தும் அது எனக்கு முழுதாக ஆறவில்லை. ஆறியது என்று இந்த மலரில் பொய் எழுதமாட்டேன். ஊருக்குச் சொல்கிறேன்: மெற்றில்டா அன்று குறுக்கே வரவில்லை. அளந்த தூரம் முழுவதும் ஓடி முதலாவது வந்தாள். அது அருளப்பு அண்ணைக்குத் தெரியும். அவளைக் கள்ள நூல் என்றவர்கள் ஒவ்வொருவரும் எனக்கு நினைவில் இருக்கிறார்கள். எழுத இந்த மலரில் இடம் காணாது.

அடக்கத்துக்குச் சனம் நிறைய. பிலோமினா கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. நான் அவளிடம் போய், அந்த ஓட்டத்தில் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அவருக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருக்கு அக்கா" என்றாள். "ஒரு வருசம் பிந்தித் தெரிஞ்சிருக்கு."

வாயால் யாருக்கும் தோற்காதவள் நான், அந்தப் படலையில் தோற்றேன். உள்ளே மண் போடக் கூப்பிட்டார்கள். "வா" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் திரும்பி நாலடி நடந்த பிறகு பின்னால் குரல் கேட்டது: "அக்கா, எனக்கும் ஒரு பிடி போட்டுவிடுங்கோ."

அண்ணை, உங்கள் பெட்டியில் என் கையால் இரண்டு பிடி மண் விழுந்தது. முதற்பிடி என்னுடையது, ஏசினதும் நன்றியும் எல்லாம் அதில் கிடக்கிறது. இரண்டாவது பிலோமினாவுடையது. மன்னிப்பு என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் போடச் சொன்னாள். அதை வைத்துக்கொண்டு படுங்கோ.