ஒரே கமிட்டில் நாற்பது கோப்புகள்

யாரும் நிரலைத் திருத்தி அனுப்பக்கூடிய எங்கள் ஓப்பன் சோர்ஸ் தமிழ்ப் பிழைதிருத்திக்கு எடப்பாடி சுகன்யா இன்று தன் முதல் திருத்தத்தை அனுப்பியிருந்தார். தட்டச்சு செய்த வரி காணாமல் போகும் ஒரு பிழைக்கு, ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றத் தொகுப்பில், நாற்பது கோப்புகள்!

"இத்தனையை யாருங்க படிக்கறது? பிரிச்சு அனுப்புங்க" என்று கடுப்பாகவே எழுதிவிட்டேன். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மதியமே ஏழு கமிட்டுகள் வந்தன. ஆறில் வெறும் ஒழுங்குபடுத்தல். ஏழாவதில் இரண்டே வரி நீக்கம். பிழை போயே போய்விட்டது.

கூடவே அவரிடமிருந்து போன்.

"ஏனுங்க, அந்த ரெண்டு வரி எப்ப நுழைஞ்சுதுன்னு தேடிப் பாத்தனுங்க. மூணு வருசத்துக்கு முந்தி ஒரே கமிட்டுல அறுபது கோப்பு. 'சின்ன மாற்றங்கள்'னு தலைப்பு வேற. யாருங்க போட்டது?"

"நான்தானுங்க."

இனி என் கமிட்டுகளை அவர்தான் சரிபார்க்கப் போகிறார்.

உங்கள் 'சின்ன மாற்றங்கள்' எத்தனை கோப்புகள், மக்களே?