ஓய்வு தேவைப்படுவோர் பட்டியல்

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். செங்கல், மணல், சிமெண்ட், ஆள் என்று வரிசையாக எழுதிக்கொள்ளாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. சுனாமி வந்து இரண்டாம் மாதம், புதுச்சேரியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த அலுவலகத்தில் ஒரு மாதம் விடுப்பு வாங்கிக்கொண்டு ஒரு தொண்டர் குழுவில் சேர்ந்தேன். அங்கேயும் முதல் நாளே பட்டியல் எழுதும் வேலைதான் கிடைத்தது. என் கையெழுத்தை யாரோ பார்த்துவிட்டார்கள்.

நாங்கள் ஆறு பேர். இடையஞ்சாவடியில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தோம். குழுத் தலைவர் பெங்களூர்க்காரர், மிக மென்மையானவர். கையில் கொசு உட்கார்ந்தால் அடிக்கமாட்டார், ஊதி அனுப்புவார். அரிசியும் போர்வையும் மற்றவர்கள் கொடுத்தாகிவிட்டது, நாம் கொடுக்கப்போவது முழுமையான பராமரிப்பு என்று அவர் சொல்வார். உடல், மனம், சூழல். என் படிவத்தில் அதற்காக மூன்று கட்டங்கள் போட்டிருந்தேன். மூன்றும் ஒரே அகலம்.

மரக்காணத்துக் கடற்கரைக் குப்பங்களுக்கு எங்களுக்கு முன்பே நிறையப் பேர் போய்விட்டார்கள். சில வீடுகளில் நிவாரணமாக வந்த ஸ்டவ் மட்டும் மூன்று இருந்தன. எங்களுக்கு மிச்சம் இருந்தது உப்பளத்துக் கூலிக்காரர்களின் தெரு. அங்கே யாரும் சாகவில்லை, வீடும் இடியவில்லை. தண்ணீர் கழுவெளி ஏரி வழியாகச் சுற்றி வந்து உப்புப் பாத்திகளில் சேற்றையும் உடைந்த ஓடுகளையும் தகரத்தையும் கண்ணாடியையும் கொட்டிவிட்டுப் போயிருந்தது. செத்தவர்கள் இல்லாததால் அந்தத் தெரு எந்த நிவாரணப் பட்டியலிலும் இல்லை. பாத்தி சேறாகக் கிடந்ததால் வேலையும் இல்லை.

பால்வாடிக் கட்டடத்தில் பாய் விரித்து முகாமைத் தொடங்கினோம். தலைவர் முழுமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அரைகுறையா குடுத்தவங்கள எல்லாம் பாத்துட்டோம். நீங்க முழுசா இன்னா குடுக்கப் போறீங்க?"

முப்பத்தைந்து வயது இருக்கும். கடைசி வீட்டுக்காரி. கணவன் சென்னையில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், எப்போதாவது வருவான். வீட்டில் அவளும் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளும்தான். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை லிஸ்டு என்று கூப்பிட்டாள்.

மனதுக்கான கட்டத்தை நிரப்ப, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் கஷ்டத்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்கவேண்டும். முதலில் சொன்னவள் நாலு என்றாள். அடுத்தவள் ஆறு. உடனே முதலாமவள் எழுந்துவிட்டாள்.

"அவளுக்கு இன்னாத்துக்கு ஆறு? ரெண்டு பேரும் ஒரே பாத்தியிலதான வேலை செய்றோம்?"

"உனக்கு மாமியார் இல்ல. எனக்கு இருக்குது. அதுக்கு ரெண்டு."

கடைசியில் தெரு முழுவதும் கூடிப் பேசி எல்லோருக்கும் ஏழு என்று முடிவுசெய்தார்கள். என் பட்டியல்களில் அவ்வளவு ஒழுங்கான ஒரு கட்டத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நான்காம் நாள் நிகழ்ச்சி, காலுக்கான சிகிச்சை. புதுச்சேரியிலிருந்து பன்னிரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கி வந்திருந்தோம். வெந்நீர் ஊற்றி, பாக்கெட்டைப் பிரித்துக் கல்லுப்பைக் கொட்டினேன். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது இன்னாம்மா?"

"வெதுவெதுப்பான உப்புத் தண்ணிங்க. இருபது நிமிஷம் காலை வெச்சு உக்காந்தா உடம்பு வலியெல்லாம் இறங்கிடும்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"உப்புத் தண்ணியில," என்றாள் ஒருத்தி.

"ஆமாங்க."

"நாங்க கால் வெக்கணும்."

"ஆமாங்க."

"பதினெட்டு வருஷமா வெச்சிருக்கேம்மா. இன்னும் இறங்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தை மாற்றாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அன்று அது கைவிட்டது. கடைசி வீட்டு அக்கா பாக்கெட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நம்ம உப்பு இல்ல. தூத்துக்குடி." பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தூத்துக்குடிதான். "உப்புல கால் வெக்கச் சொன்னதகூட மன்னிச்சிடலாம். மரக்காணத்துக்கு வந்து தூத்துக்குடி உப்புல வெக்கச் சொல்றியே."

ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்துக்குச் சுடுதண்ணி கொண்டுவந்து கொடுப்பது சின்ன விஷயமா? உப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் ஊற்று என்றார்கள். ஊற்றினோம். ஒரு மணி நேரம் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய குறிப்பில், "உப்பு: தேவையில்லை" என்று எழுதினேன்.

அக்கா மட்டும் ஒரு காலைத் தொட்டியில் வைக்கவில்லை. எங்களுடன் வந்த நர்ஸ் அதைக் கவனித்துவிட்டாள். பாத்தியில் குப்பை பொறுக்கப் போனபோது கண்ணாடி குத்தி, வலது குதிகாலில் விரல் நுழையும் அளவுக்குக் காயம். அதில் வேப்பெண்ணெயும் மெழுகுவர்த்தியும் உருக்கி ஊற்றி அடைத்திருந்தாள். நர்ஸ் அதைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டினாள். பதினைந்து நாள் சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் கால் வைக்கக்கூடாது என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். நாம் செய்வது எல்லாம் ஊருக்குத் தெரியவேண்டும் என்பது தலைவரின் இன்னொரு கொள்கை. "ஓய்வு தேவைப்படுவோர்" என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடு இழுத்து, அக்காவையும் சேர்த்து நாலு பேரின் பெயரை எழுதி பால்வாடிச் சுவரில் ஒட்டினேன். மற்ற மூன்று பேரும் உப்பளத்துக்குப் போகாதவர்கள்.

மறுநாள் அக்கா முகாமுக்கு நொண்டிக்கொண்டு வந்தாள்.

"உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குதாம். உப்பளத்து மேஸ்திரி சொன்னான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எட்ட நின்னே படிக்க முடியுதாம். படிச்சிட்டு வேலை லிஸ்டுலேருந்து என் பேரை எடுத்துட்டான்."

அதன் பிறகுதான் முழுசாகச் சொன்னாள். சேற்றை அள்ளிய பிறகு பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கவேண்டும். தரை இளகியிருந்தால் உப்பில் மண் கலந்து கறுத்துப்போகும். அந்த முதல் மிதிக்கு இறங்கும் ஆறு பேருக்குத்தான் அந்தப் பருவம் முழுக்க அந்தப் பாத்திகளில் உப்பு வாரும் வேலை. திங்கட்கிழமை மிதி தொடங்குகிறது. அன்று இறங்காவிட்டால் ஆவணி வரைக்கும் அவளுக்கு வேலை இல்லை.

ஓடிப்போய் நர்ஸிடம் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"சுவத்துல பேரை அழிச்சா புண்ணு ஆறிடுமா?" என்றாள் அவள்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. "சேத்துல இறக்கி கால் அழுகிச்சுன்னா என்னைத்தான கேப்பாங்க? நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க மேடம்" என்றார். தலைவர் அவரை ஒரு மனப்பகிர்வு அமர்வுக்கு அழைத்தார். மேஸ்திரி வந்தார். துளசி டீ இரண்டு டம்ளர் குடித்தார். கண்ணை மூடச் சொன்னபோது மூடினார், மூச்சை இழுக்கச் சொன்னபோது இழுத்தார், ரொம்ப நல்லா இருந்ததுங்க என்று கும்பிட்டார். பெயரைச் சேர்க்காமல் போய்விட்டார்.

போகும்போது அக்கா வீட்டு வாசலில் நின்று ஒரு வழி சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்; அவள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. ஒருத்தியால் முடியாவிட்டால் அவள் வீட்டு ஆள் யாராவது இறங்கி மிதித்தால் இடம் அப்படியே இருக்கும், அது உப்பளத்து வழக்கம். ஒருத்திக்குப் பதில் அவள் தங்கை, மாமியாருக்குப் பதில் மருமகள்.

"பொண்ண அனுப்பேன். பத்து நாள்தான?"

"அவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை."

"பத்து நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

"நானும் பத்து நாள்னுதான் இறங்கினேன்," என்றாள் அக்கா. அவள் பேச்சில் கிண்டல் இல்லாமல் நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

உள்ளே மகள் சமன்பாடு ஒன்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றுபோனது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"நான் இறங்குறேன்," என்றேன்.

அக்கா என் பாதத்தைப் பார்த்தாள். "இந்தக் காலா? நகத்துக்குக் கலர் அடிச்ச காலா?"

"இது யாரு வீட்டு ஆளு?" என்றார் மேஸ்திரி.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தாள். "எங்க வீட்டு ஆளுதான். எங்க வீட்லதான் சோறு துன்னுது."

"சோறு துன்னா வீட்டு ஆளா?"

"பின்ன, துன்னாமயா வீட்டு ஆளு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அந்த வழக்கத்தில் இதற்கு விதி இல்லை போலிருக்கிறது. "பாத்தி நல்லா வரலன்னா இடம் கிடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நாளும் அக்கா வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். காலை ஐந்தரைக்கு ஆறு பேரும் வரிசையாகத் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்போம். குதிகாலை ஊன்றி, பாதத்தை அழுத்தி, அரையடி நகரவேண்டும். சொல்ல எளிது. மண்ணின் எந்த இடம் இளகியிருக்கிறது, எது இறுகிவிட்டது என்பது அவர்களின் பாதத்துக்குத் தெரிந்தது. என் பாதத்துக்கு எல்லாம் ஒரே மாதிரி எரிந்தது. இரண்டாம் நாளே விரலிடுக்குகள் வெடித்துவிட்டன.

அக்கா கட்டுப்போட்ட காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வரப்பில் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டது முழுக்க அவள் குரல்தான்.

"லிஸ்டு, தாண்டாத, மிதி. கோலத்த மிதிச்சிடுவோமோன்னு போற மாதிரி போறியே."

"இடது பக்கம் விட்டுட்ட. அதுவும் பாத்திதான்."

"யோசிக்காத. கால் வேலைக்கு இன்னாத்துக்குத் தலைய எடுத்துட்டு வர்ற?"

மூன்றாம் நாள் நான் வரப்பில் ஏறி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் உள்ளவள் பக்கத்தில் வந்து குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"மேடம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்ளோ போடலாம்?"

"ஒன்பது," என்றேன்.

"ஏழுதான் குடுப்போம். தெருவுக்கே ஏழு."

தலைவர் ஒருநாள் கேமராவோடு வந்தார். மண் என் பாதத்தின் வழியாக என்னைக் குணப்படுத்துவதாக அறிக்கையில் எழுதினார். அதைப் படித்துக் காட்டியபோது அக்கா, "எங்கள அது பதினெட்டு வருஷமா குணப்படுத்துது, இன்னும் முடியல" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மாலையில் நர்ஸ் வந்து கட்டை மாற்றுவாள். காயம் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. அக்கா தினமும் ஒரே கேள்வி கேட்பாள்: இறங்கலாமா? நர்ஸ் தினமும் இன்னும் இல்லை என்பாள். எட்டாம் நாள் அக்கா கேட்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அன்று சோறு போடும்போதும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. மிதி சரியாக வரவில்லை என்பது வரப்பிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருந்தது.

மிதியின் பத்தாம் நாள், கட்டுப் போட்ட கணக்கில் பதினைந்தாம் நாள், காலை நர்ஸ் கட்டைப் பிரித்து, குதிகாலை அழுத்திப் பார்த்து, போ என்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி மடையைத் திறந்து பாத்திக்குள் மெல்லிசாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தரை சமமாக இருந்தால் தண்ணீர் ஒரே சீராகப் பரவும். மற்ற ஐந்து பேர் மிதித்த இடத்தில் அது பாய் விரித்த மாதிரி போனது. என் இடத்துக்கு வந்ததும் நின்று, அங்கங்கே குழியில் இறங்கித் தேங்கியது. மட்டம் பார்க்கப் படித்தவள் நான். கருவி எதுவும் தேவைப்படவில்லை.

"இது யாரு மிதிச்சது?" தெரிந்துகொண்டே கேட்டார் மேஸ்திரி.

"எங்க வீட்டு ஆளு," என்றாள் அக்கா.

"இதுல உப்பு எடுத்தா கறுப்பாத்தான் வரும்."

"வராது. தண்ணிய வடி. உச்சி வெயிலுக்குள்ள மறுபடி விட்டுப் பாரு."

அவர் மடையை அடைத்தார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இடது காலை வைத்தாள். பிறகு வலது காலின் முன்பாதத்தை மட்டும் வைத்து, கொஞ்சம் நின்று, மெதுவாகக் குதிகாலை இறக்கினாள். மற்ற ஐந்து பேரும் அவள் காலையே பார்த்தார்கள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த எட்டு வைத்தாள். அதற்கு அடுத்ததும். என் பத்து நாள் உழைப்பின் மேல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அரையடி அரையடியாக நகர்ந்தாள்.

பதினொரு மணிக்கு மேஸ்திரி மறுபடி தண்ணீர் விட்டார். அது எங்கேயும் நிற்காமல் எதிர் வரப்பு வரைக்கும் போனது. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பாத்திக்கு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி அக்காவைப் பார்த்து, "நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடு. லேட் பண்ணாத" என்றார்.

அக்கா வரப்பில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் இல்லை.

"நீயும் நல்லாத்தான் மிதிச்சிருக்க லிஸ்டு," என்றாள். "எங்கெங்க திரும்ப மிதிக்கணும்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது."