மார்த்தாள் மறித்த பால்

மார்த்தாளுக்குக் கோபம் வந்தால் ஏரிக்கரை ஆஸ்பத்திரியின் தெர்மாமீட்டர்களில் பாதரசம் தானாகவே இரண்டு கோடு ஏறும் என்று உத்திரமேரூர் சந்தையில் பேசிக்கொள்வார்கள். அது பொய். ஒரு கோடுதான் ஏறும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடித்தே பழகிய பஸ் டிரைவர் ஒருவன் இருந்தான். உள்ளே பிரசவ வேதனையில் ஒருத்தி துடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அவன் ஐந்தாறு தடவை அடிக்க, மார்த்தாள் வெளியே வந்தாள், பஸ்ஸில் ஏறினாள், ஹாரனின் ரப்பர் பந்தை முறுக்கிக் கழற்றினாள், இறங்கி உள்ளே போய்விட்டாள். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பந்தை மறக்க வேண்டாம், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவே நிலக்காரர்கள் கமிட்டி போட்டுக் கட்டிய பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி அது. மார்த்தாள்தான் அங்கே ஒரே நர்ஸ். புருஷன் சாமுவேல் வாலாஜாபாத்தில் வாத்தியார். சனிக்கிழமை வருவான், திங்கள்கிழமை திட்டு வாங்கிக்கொண்டு போவான். கல்யாணத்துக்கு முன் அவள் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைக்காய வார்டில் மூன்று வருஷம் இருந்தாள். அங்கே கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். மண்டை உடைந்து வருகிறவர்களில் பாதிப் பேரை மண்டை கொல்வதில்லை, தொண்டை கொல்கிறது. நினைவில்லாதவனுக்கு விழுங்கத் தெரியாது. வாயில் எது போனாலும் நேரே நெஞ்சுக்குள் இறங்கும். சளி, ரத்தம், பக்கத்தில் நிற்கிறவர்கள் பாசத்தோடு ஊற்றுகிற தண்ணீர், எல்லாம்.

சளி உறிஞ்சும் மிஷின் ஆஸ்பத்திரியில் ஒன்று இருந்தது. அதன் குழாய் வெடித்து இரண்டு வருஷம். மார்த்தாள் மாதாமாதம் எழுதிக் கேட்டாள். கமிட்டி முதல் வருஷம் திறப்பு விழாக் கல்வெட்டுக்குப் பொன்னிறப் பெயிண்ட் அடித்தது. இரண்டாம் வருஷம் கல்வெட்டுக்கு மேலே ஒரு டியூப்லைட் போட்டது.

எழுபத்தொன்பதாம் வருஷம், தை அறுவடை. ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளில் இருந்த இருளர்களில் அப்பு என்பவன் ராஜாராமின் களத்தில் நெல் மூட்டை ஏற்றினான். ராஜாராமுக்கு முப்பது ஏக்கர், ஒரு டிராக்டர், கமிட்டியில் ஒரு நாற்காலி. மூட்டை சரியாமல் இருக்க அப்புவை டிரெய்லரின் உச்சியில் ஏறி உட்காரச் சொன்னவர் அவர்தான். கயிறு கட்டியிருந்தால் போதும். கயிறு தேய்ந்துவிடும், ஆள் தேயமாட்டான் என்ற கணக்கு. மதகுப் பக்கம் சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. மூட்டைகள் அப்படியே இருந்தன. அப்பு மட்டும் பறந்துபோய் மதகுக் கல்லில் தலை மோத விழுந்தான்.

கூடிய ஜனம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்தது. காயத்தில் காப்பித்தூள் அப்பியது. கையில் இரும்புச் சாவிக்கொத்து திணித்தது. வாயைப் பிளந்து கோலி சோடா ஊற்றியது. பிறகு மாட்டு வண்டியில் ஏற்றி, மல்லாக்கப் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது.

அவன் மூச்சு கொதிக்கிற பானை மாதிரி களகளத்தது. மார்த்தாள் கிட்டே குனிந்தாள். சோடா வாடை அடித்தது. அவனை ஒரே தள்ளில் பக்கவாட்டில் புரட்டி, தாடையை முன்னுக்கு இழுத்தாள். மேஜை இழுப்பறையில் அவித்துக் கழுவி வைத்திருந்த பஸ் ஹாரன் பந்து வெளியே வந்தது. அதன் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அழுத்தி, தொண்டைக்குள் விட்டு, விரலைத் தளர்த்தினாள். ரத்தமும் சோடாவும் சளியும் பந்துக்குள் ஏறின. ஏழெட்டுத் தடவை அப்படி எடுத்த பிறகு களகளப்பு அடங்கியது.

அப்புறம்தான் நிமிர்ந்தாள். "மண்டை ஒடைஞ்சவனுக்கு சோடா ஊத்தனவன் எவன்டா?"

காலி பாட்டில் வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு சுவரானான்.

டாக்டர் முத்துகிருஷ்ணன் காஞ்சிபுரத்திலிருந்து வாரத்தில் மூன்று காலை வருகிறவர். அன்றைக்கு இருந்தார், அது அப்புவின் அதிர்ஷ்டம். நெற்றியில் அழுத்திப் பார்த்தார். அப்பு கண் திறக்கவில்லை, முனகவில்லை, கை மட்டும் மடங்கியது. வலது காதில் ரத்தம் கசிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு கண் பாப்பாவும் ஒரே அளவில் இருந்தன. மண்டையைத் திறக்கத் தெரிந்தவர்கள் மெட்ராஸில்தான். ஆஸ்பத்திரி வேனோ கமிட்டித் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பதி போயிருந்தது. வாடகைக் காரில் மடக்கிப் போட்டு அனுப்பினால் இந்த மூச்சோடு செங்கல்பட்டைக்கூடத் தாண்டமாட்டான் என்றார் டாக்டர். இங்கேயே வைத்துப் பார்ப்போம், ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதானால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், அப்போது நெல் லாரியில் படுக்கவைத்தாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றார். அதுவரை சரியாகத்தான் பேசினார்.

பிறகு அப்புவின் பெண்டாட்டி சின்னபொண்ணு பக்கம் திரும்பி, டாக்டர்களுக்கு வாயில் ஊறிப்போன அந்த வார்த்தையைச் சொன்னார். "நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா. நேரம் எப்படியோ."

மார்த்தாள் அவரை மருந்து அறைக்குள் தள்ளாத குறையாக அழைத்துப்போனாள். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். டாக்டர் கைவிரித்தார் என்று காதில் விழுந்தால் அடுத்த வேலை பால். சாகப்போகிறவன் தொண்டை வறண்டு போகக்கூடாது என்று சொந்தமும் பந்தமும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் ஊற்றும். சாகாதவனும் அதில் செத்துப்போவான். டாக்டர் முகம் கறுத்தது. ஆனால் வார்த்தை வாசலைத் தாண்டி, ஏரியைச் சுற்றி, திருப்புலிவனம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மார்த்தாள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மூன்று மூன்று செங்கல் வைத்தாள், தலை உயரமாக இருந்தால் மூளை வீக்கம் குறையும் என்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடச் சின்னபொண்ணுக்கும் அவள் தம்பி செல்வத்துக்கும் கற்றுக்கொடுத்தாள். பந்தால் சளி எடுத்தாள். டார்ச்சும் கையுமாகத் திரிந்தாள். கண் பாப்பா இரண்டும் ஒரே அளவிலேயே இருந்தன. அந்த மூன்று நாளில் அவளிடம் திட்டு வாங்காதது ஆஸ்பத்திரியில் அந்த டார்ச் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை ராஜாராமின் அக்கா சொக்கம்மாள் பித்தளைச் சொம்போடு வந்தாள். சுற்றுப்பட்டு எட்டு ஊரிலும் சாவுச் சடங்குக்கு அவள்தான் ஹைகோர்ட். யார் முதலில் ஊற்றுவது, எந்தக் கை, எந்தப் பக்கம் நின்று, எல்லாம் அவள் வாயில்தான். அதுவரை நாற்பத்தேழு பேருக்கு முன்னின்று பால் ஊற்றியிருக்கிறாள். ஒருத்தர்கூடத் தப்பியதில்லை.

பின்னாலேயே ராஜாராம் வந்தார், கையில் ஒரு காகிதத்தோடு. சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டுக்கு அழைத்துப்போகிறோம் என்று எழுதி, சின்னபொண்ணின் கைரேகைக்கு இடம் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் செத்தால் போலீஸ் வரும், டிரெய்லரை அளக்கும், கயிறு எங்கே என்று கேட்கும். குடிசையில் செத்தால் விதி.

"வூட்டுக்கு இட்டுனு போறோம் நர்சம்மா. டாக்டரே சொல்லிட்டாரே. நிம்மதியா போவட்டும்," என்றார்.

"ஒங்க நிம்மதியா, அவன் நிம்மதியா?" என்றாள் மார்த்தாள்.

ராஜாராம் தாம் கமிட்டியில் இருப்பதை ஞாபகப்படுத்தினார். அப்படியானால் மிஷின் குழாய் எங்கே என்று அவள் திருப்பிக் கேட்டாள். வேன் எங்கே என்று கேட்டாள். பதினான்கு வருஷம் உங்கள் களத்தில் மூட்டை தூக்கியவனுக்கு ஒரு குவளை மோர் கொடுத்ததுண்டா, இன்றைக்கு மட்டும் எருமைப் பால் எங்கிருந்து சுரந்தது என்று கேட்டாள். வார்டில் இருந்த காய்ச்சல்காரர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது.

அவளைத் தடுத்தது ராஜாராம் அல்ல, சின்னபொண்ணு. மூன்று நாளாக அழாதவள் மெதுவாகச் சொன்னாள். "நாக்கு காஞ்சி போனா தண்ணிக்கு அலைஞ்சிக்கினே கெடப்பாராமே நர்சம்மா. ரெண்டு சொட்டு ஊத்திட்டா இன்னா?"

மார்த்தாளுக்கு அவள்மேலும் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்ணை அப்பால் திருப்பினாள். சொம்பில் ஏடு கட்டிய பால், ஒரு படி இருக்கும். அப்புவின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு குளுக்கோஸ் பாட்டில்தான் பாக்கி. மூளை தேறும்வரை உடம்பு தாங்க வேண்டும், உடம்பு தாங்கச் சோறு வேண்டும். கஞ்சி காய்ச்சக்கூட இந்த ஆஸ்பத்திரியில் அரிசி கிடையாது. சொம்பைத் தட்டிவிடத் தூக்கிய கை பாதியில் நின்றது.

"சரி, ஊத்தலாம்," என்றாள். "ஆனா ஆஸ்பத்திரில ஊத்தறதுக்கு ஒரு மொற கீது."

காதில் ரத்தம் வந்தவனுக்கு மூக்கு வழியாகக் குழாய் போடக்கூடாது, உடைந்த எலும்பு வழியாகத் தப்பான இடத்துக்குப் போய்விடும். வாய் வழியாகப் போட்டாள். ஊசிக்குழாயால் இழுத்துப் பார்த்தாள், இரைப்பைப் புளிப்பு நீர் வந்தது. சரியான இடம். பாலைக் காய்ச்சி ஆற்றி, தண்ணீர் கலந்து, குழாயின் மேல்முனையில் புனல் வைத்து, சொக்கம்மாள் கையில் சொம்பைக் கொடுத்தாள். சொக்கம்மாள் கிழக்கே பார்த்து நின்று ஊற்றினாள். பிறகு சின்னபொண்ணு, பிறகு செல்வம். ஒரு சொட்டு நெஞ்சுப் பக்கம் போகவில்லை. எல்லாம் வயிற்றில் இறங்கியது.

சொக்கம்மாள் காத்திருந்தாள். மத்தியானம் ஆயிற்று. அப்பு சாகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அவமானமாக இருந்தது.

அப்போது மார்த்தாள் ஒரு பொய் சொன்னாள். வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துத் தூங்குகிறவள், கண் சிமிட்டாமல் சொன்னாள். "ஆரம்பிச்ச பால பாதில நிறுத்தனா அந்த வூட்டுக்குத்தான் தோஷமாம். எந்த வூட்டுப் பாலோ அதே வூட்டுப் பாலு, முடியற வரைக்கும் வரணும். ஒரு நாளைக்கு நாலு வேள. ஒங்களுக்குத் தெரியாததா?"

தனக்குத் தெரியாத சாஸ்திரம் ஒன்று உண்டு என்று சொக்கம்மாள் ஒப்புக்கொள்வாளா? "அத்த நீ எனக்கு சொல்றியா? நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள். ராஜாராம் காகிதத்தை நீட்டியபோது அவளே பிடுங்கிக் கிழித்தாள். பால் நடக்கும்போது ஆளைக் கிளப்பக் கூடாதாம். இந்தச் சட்டம் அவள் சொந்தமாகப் போட்டது. மார்த்தாள் அதற்கு மட்டும் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

நாலு வேளையும் ராஜாராம் வீட்டுப் பால் வந்தது. அரைத்துக் கரைத்த வேர்க்கடலையும் வெல்லமும் அதில் சேர வேண்டும் என்று இரண்டாம் நாள் சாஸ்திரம் வளர்ந்தது. முட்டையும் சாஸ்திரத்தில் உண்டு என்று மார்த்தாள் நான்காம் நாள் கண்டுபிடித்தபோது சொக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். ஆனாலும் அனுப்பினாள். பதினாறாம் நாள் அப்பு கண் திறந்தான். இருபத்திரண்டாம் நாள் குழாயைத் தானே பிடுங்கி எறிந்து ஒரு வார்த்தை சொன்னான். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. நோயாளிகள் எல்லாரும் கைதட்ட, மார்த்தாள் மட்டும் குழாயைப் பிடுங்கியதற்காக அவனைக் கால் மணி நேரம் திட்டினாள். அப்புறம் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிழைத்தான், ஆனால் முழுசாக இல்லை. இடது கை மடங்கியபடியே நின்றது. கால் இழுத்தது. பாதி வார்த்தைகள் மதகுக் கல்லிலேயே தங்கிவிட்டன. நொண்டிக்கு மூட்டை வேலை இல்லை என்று ராஜாராம் சொல்லியனுப்பினார். சித்திரையில் நடந்த கமிட்டி ஆண்டு விழாவிலோ அதே ராஜாராம் அப்புவை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எங்கள் வீட்டுப் பால்தான் இவனைப் பிழைக்கவைத்தது என்று மைக்கில் பேசினார். மாலை விழுந்தது. போட்டோவுக்காக ஒரு வெள்ளி டம்ளரில் பாலை அவனிடம் நீட்டினார்.

அப்பு டம்ளரை வெகுநேரம் பார்த்தான். வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தான். "எனக்கு... ஊத்தியாச்சி ஆண்டே. இது... ஒங்களுக்கு."

முன்வரிசையில் சொக்கம்மாள் தம்பிக்காகத் தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க ராஜாராம் காப்பியில்கூடப் பால் சேர்க்கவில்லை என்று கேள்வி.

மார்த்தாள் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினாள். ராஜாராமைப் பார்க்கவில்லை. சொக்கம்மாளைப் பார்த்தாள். "முடியற வரைக்கும்னு சொன்னீங்களே அம்மா. இவன் இன்னும் முடியலியே. ரெண்டு மாசமா பால் வரல. தோஷம் இல்லியா?"

எட்டு ஊர் ஜனம் சொக்கம்மாளைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலையிலிருந்து ராஜாராமின் பண்ணையாள் ஒருவன் பித்தளைச் சொம்பும் ஒரு படி அரிசியுமாக இருளர் குடிசைக்கு நடந்தான். அரிசி எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. மழையானாலும் வெயிலானாலும், சொக்கம்மாள் இருந்த பதினோரு வருஷமும் அந்தச் சொம்பு ஒரு நாள்கூடத் தவறவில்லை. வியாழக்கிழமைதோறும் மார்த்தாள் அந்தப் பக்கம் போவாள். குடிசை வாசலில் நின்று, "தாடைய கீழ இறக்கிக்கினு குடிடா, அண்ணாந்து குடிச்சி செத்துகித்துத் தொலயாத," என்று கத்துவாள். அப்பு தாடையை நெஞ்சில் ஒட்டி, மடக்கு மடக்காக, நிறுத்தி நிறுத்திக் குடிப்பான்.

மிஷின் குழாய் எண்பத்து நான்கில் வந்தது. அளவு சேரவில்லை. மார்த்தாள் அதைக் கல்வெட்டில் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டாள். பஸ் ஹாரன் பந்தை அவித்துக் கழுவி மறுபடி மேஜை இழுப்பறையில் வைத்தாள்.