சுவரைத் தொட்ட கை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நடுவர் அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார்.

பெண்ணின் பெயர் மோனிஷா. வயது பதினெட்டு. திருவொற்றியூர் மீனவர் குப்பம். பாறையேறும் வீராங்கனை. அவள் அப்பா தேசப்பன் என் சிநேகிதர் — ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த வருஷத்துப் பழக்கம். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி என்று என்னையும் கூட்டிப்போனார். இடம் கிடைத்தால் தேசியப் போட்டி. கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

எங்கள் பக்கத்தில் பாறை ஏது என்று கேட்பீர்கள். கடல் இவர்கள் தெருவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. மோனிஷா பிறந்த வீடும் போயிற்று. மிச்சத்தைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். அந்தக் கல்லில் நண்டு பிடிக்க ஏறியவள்தான், எட்டு வயதில். கால் வைக்க இடமில்லாத கல்லில் விரல் நுனியால் தொங்குவாள். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் பார்த்தார். ஊரின் மறுகோடியில் இருந்த பயிற்சிச் சுவருக்கு அனுப்பினார். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். யாரோ கழித்துப்போட்ட ஷூ. இறால் உரித்தால் விரல் தோல் ஊறிவிடும் என்று அவள் பங்கையும் அம்மாவே உரிக்கிறாள்.

இப்போதும் சாயங்காலம் அந்தக் கல் மேல் அவளைப் பார்க்கலாம். கீழே அலை. தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள், வானத்தில் ஒட்டிவைத்த மாதிரி. தன் பழைய வீட்டு வாசலுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருப்பாள்... காற்றில் நடக்கிறாளோ என்று தோன்றும்.

போட்டிக்கு வருவோம். கயிறு கிடையாது. நாலு சுவர், கீழே தடித்த மெத்தை. சுவரில் கலர் கலராகப் பிடிகள். எத்தனை சுவர் ஏறினாய், எத்தனை குறைந்த முயற்சியில் என்பதுதான் கணக்கு. தொடக்கப் பிடிகளைத் தவிர வேறு எங்கே சும்மா தொட்டாலும் அது ஒரு முயற்சி.

மோனிஷாவுக்கு விதி தெரியும். ஆனால் படகில் கால் வைக்கும் முன் அதன் முகப்பைத் தொட்டுக் கும்பிடுகிற குடும்பம்; ஏறும் முன் சுவரையும் அப்படியே. சின்னப் போட்டிகளில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த நடுவர் கண்டுகொண்டார்.

முதல் சுவர்... தொட்டாள், ஏறினாள். இரண்டாவதும் அப்படியே.

"தொட்டா ஒரு அட்டெம்ப்ட்மா. ரெண்டு சுவத்துலயும் ஒண்ணு ஒண்ணு கூடப் போட்டிருக்கேன்," என்றார் நடுவர்.

தேசப்பன் எழுந்துவிட்டார். "இன்னா சார், பேஜாரா கீது! கும்புட்டா குத்தமா?"

"நைனா, நீ கம்முனு குந்து!" என்றாள் மோனிஷா.

மூன்றாவது சுவர். கை தானாகப் போய்விட்டது. தொட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதையும் ஒரே மூச்சில் ஏறினாள் — என்ன பிரயோசனம்?

நாலாவது சுவரின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு நேராகத் தொடக்கப் பிடி. அவசரமே இல்லை. தண்ணீருக்குள் நகர்கிற மாதிரி ஒரு கை, ஒரு கால், ஒரு கை... உச்சிப் பிடியில் இரண்டு கையும் சேர்ந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

நாலு சுவர், ஏழு முயற்சி. அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். இன்னொரு பெண்ணும் நாலையும் ஏறியிருந்தாள். ஆறு முயற்சியில்.

அவ்வளவுதான்.

திரும்பும் பஸ் பேசின் பிரிட்ஜ் தாண்டியது. பிறகு தேசப்பன் ஆரம்பித்தார்.

"தொட்டுட்டு ஏறுன்னு நான்தான சொல்லிக் குட்த்தேன். நான்தான் கெடுத்துட்டேன். இனிமே கும்புடாத."

"நாலாவதுல கும்புடாமதான ஏறுனேன். பாத்தியா?"

"எங்க பாத்தேன்... வுழுந்துடுவியோன்னு கண்ண மூடிக்கினேன்."

அவள் சிரித்துவிட்டாள். தோல் உரிந்த விரல்களை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"படகு நம்மளத் தாங்குது, தொட்டுக் கும்புடறோம். செவுரா என்னியத் தாங்குது? வுழுந்தா மெத்ததான நைனா தாங்குது! அட்த்த வருசம் மெத்தையத் தொட்டுக் கும்புடறேன். அத்த எவனும் எண்ண மாட்டான்."

நாமெல்லாம் ஏறப்போகும் இடத்தையே கும்பிடுகிறவர்கள் — விழுந்தபோது தாங்கியதை யார் கும்பிட்டோம்?